உங்களுக்குத் தெரியுமா? ஐந்து அரண்மனைகளும் ஒரு வம்சத்தின் சரிவும்

கொரியத் தொடர்கள் பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகப் பழகியிருக்கும். அகன்ற கல் முற்றம், அதன் முடிவில் வளைந்த கூரையோடு இரண்டு அடுக்கு மண்டபம், இருபுறமும் தலைகுனிந்து நிற்கும் அதிகாரிகள். கொரியாவை 1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசன் வம்சத்தின் உலகம் அது. 27 அரசர்கள், தலைநகரான இன்றைய சியோலில் ஐந்து அரண்மனைகள்: கியோங்பொக், சாங்தொக், சாங்கியோங், கியோங்ஹுய், தொக்சு. இந்த வம்சம் எப்படிச் சரிந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் போர்க்களங்களுக்குப் போவதற்கு முன் இந்தக் கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்பேன். எந்த மண்டபம் எப்போது எரிந்தது, மறுபடி எழுப்பக் காசு எங்கிருந்து வந்தது, கடைசியில் யார் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

◆ முதல் அரண்மனையான கியோங்பொக் 1395இல் எழுந்தது. அதற்கும் அதன் முக்கிய மண்டபங்களுக்கும் பெயர் சூட்டியவர் ஜோங் தோஜோன் என்ற அறிஞர். புதிய அரசின் சட்டதிட்டங்களை வகுத்தவரும் அவரே. மூன்றே ஆண்டுகளில், 1398இல், அரசர் தேஜோவின் ஐந்தாவது மகன் யி பாங்வோன் அவரைக் கொன்றார். தம்பிமாரும் அதே கலகத்தில் மாண்டார்கள். அந்த இளவரசர்தான் பின்னர் தேஜோங் என்ற பெயரில் மூன்றாம் அரசரானார். 1405இல் அவர் சாங்தொக் என்ற இரண்டாவது அரண்மனையைக் கட்டிக்கொண்டார். தம்பிகளின் ரத்தம் படிந்த இடத்தில் வாழ அவருக்கு மனம் வரவில்லை என்றே பலரும் விளக்கம் சொல்கிறார்கள்.

◆ இதே தேஜோங் 1404இல் வேட்டைக்குப் போனபோது குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், இது வரலாற்று எழுத்தருக்குத் தெரியக்கூடாது என்பது. அவர் விழுந்ததும், தெரியக்கூடாது என்று சொன்னதும், இரண்டுமே அரச ஆவணத்தில் பதிவாகிவிட்டன! அரசரே ஆனாலும் அந்தக் குறிப்புகளைப் படிக்கக் கூடாது என்பது நடைமுறை. 1592 ஜப்பானியப் படையெடுப்புக்கு முன் அந்த ஆவணத்தின் நான்கு பிரதிகளை நான்கு இடங்களில் வைத்திருந்தார்கள். போரில் மூன்று அழிந்தன. ஜோன்ஜு நகரில் இருந்த ஒன்றை அன் உய், சோன் ஹோங்ரோக் என்ற இரண்டு உள்ளூர் அறிஞர்கள் மலைக்குள் தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள். பதவியில் இல்லாத இருவர் செய்த காரியம் அது. ஜோசனின் முதல் இருநூறு ஆண்டு வரலாறு இன்று நமக்குக் கிடைப்பது அவர்களால்தான்.

◆ கியோங்பொக்கின் அரியணை மண்டபம் குன்ஜோங்ஜோன். அதன் முன்முற்றத்தில் பாவியிருக்கும் கற்கள் சொரசொரப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். வேலை சரியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். வழவழப்பான கல் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், மழையில் வழுக்கும். முற்றத்தின் இரு ஓரங்களிலும் வரிசையாகக் குட்டையான கல்தூண்கள். எந்தத் தரத்து அதிகாரி எங்கே நிற்க வேண்டும் என்பது ஒவ்வொன்றிலும் பொறித்திருக்கிறது. தரையில் ஆங்காங்கே இரும்பு வளையங்கள் தெரியும். விழா நாட்களில் பந்தல் கயிறு கட்ட.

◆ மண்டபத்துக்கு வெளியே பெரிய உலோகக் கொப்பரைகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். தீயணைக்க அந்தத் தண்ணீர் எம்மட்டு? அதற்கு வேறு வேலை. நெருப்பைக் கொண்டுவரும் பூதம் அந்தத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து, அதன் கோரத்துக்குத் தானே பயந்து ஓடிவிடும் என்பது நம்பிக்கை.

◆ கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிறு மண்பொம்மைகளைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் இருப்பவர் புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் பயணம் வந்த சீனத் துறவி சுவான்சாங். அடுத்தது அவரோடு வந்ததாகக் கதையில் சொல்லப்படும் குரங்கு வீரன். 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலின் பாத்திரங்கள் இவர்கள் என்றே பாரம்பரியமாகச் சொல்லிவருகிறார்கள். தீய சக்திகள் உள்ளே வராமல் கூரையில் காவல் இருக்கிறார்கள். பல்லவர் காஞ்சிபுரத்தைப் பற்றித் தன் பயணக் குறிப்பில் எழுதிய அதே சுவான்சாங்தான்! கியோங்பொக்கில் குளத்தின் நடுவே நிற்கும் விருந்து மண்டபமான கியோங்ஹோருவின் கூரையில் இப்படிப் பதினொரு பொம்மைகள் இருக்கின்றன.

அந்த விருந்து மண்டபத்தைத் தாங்குபவை 48 கல்தூண்கள். வெளிவரிசைத் தூண்கள் சதுரம், உள்வரிசைத் தூண்கள் வட்டம். பூமி சதுரம், வானம் வட்டம் என்ற பழைய கிழக்காசியக் கருத்தின்படி அமைத்தது.

◆ பச்சை, நீலம், சிவப்பு என்று உத்தரங்களில் தீட்டிய கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள் அழகுக்கு மட்டுமல்ல. கட்டடம் முழுவதும் பைன் மரம். ஈரமும் பூச்சியும் அரிக்காமல் காப்பது அந்தப் பூச்சுதான். சாமானியர் வீட்டில் இந்த வண்ணம் பூச அனுமதி கிடையாது.

◆ கொரியக் குளிர் எலும்பைத் துளைக்கும். அரசர் அறையில் அடுப்போ கணப்போ கண்ணில் படாது. வெளியே தரைக்குக் கீழே இருக்கும் அடுப்பு வாயில் தீ மூட்டுவார்கள். அனலும் புகையும் அறையின் கல் தளத்துக்கு அடியில் ஓடும் கால்வாய்கள் வழியே போகும். தளம் முழுவதும் இதமாகச் சூடேறும். ஒண்டோல் என்கிறார்கள். அரசியின் இருப்பிடமான கியோதேஜோனில் புகை இன்னும் தூரம் போய், பின்னால் உள்ள அடுக்குத் தோட்டத்தில் செங்கல் புகைபோக்கிகள் வழியாக வெளியேறியது. அறுகோண வடிவம், சுற்றிலும் பூக்கள், பறவைகள், விலங்குகள் பொறித்த ஓடுகள். புகைபோக்கியை ஒரு சிற்பமாகவே செய்திருக்கிறார்கள். இன்று அது கொரிய அரசு பாதுகாக்கும் கலைச்செல்வம். எதிர்காலத்தில் அதைச் சுற்றியிருந்த அறைகள் போய்விடப்போகின்றன, புகைபோக்கிகள் மட்டும் மிஞ்சப்போகின்றன என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

◆ 1592இல் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் புகுந்தது. அரசர் சோன்ஜோ தலைநகரைக் கைவிட்டு வடக்கே சீன எல்லை வரை ஓடினார். மூன்று அரண்மனைகள் சாம்பலாயின. அரசர் விட்டுப்போன கோபத்தில் மக்களே தீ வைத்தார்கள் என்று ஜோசனின் சொந்த ஆவணங்களே சொல்கின்றன. அடிமைகளின் பதிவேடுகள் இருந்த அலுவலகமும் எரிந்ததாக அதே ஆவணங்களில் இருக்கிறது. தீ வைத்தது யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வாதம் உண்டு. எது எப்படியோ, முதன்மை அரண்மனையான கியோங்பொக் அதன்பின் 270 ஆண்டுகளுக்கு மேல் புல் மண்டிக் கிடந்தது. இந்தக் கால அளவைச் சற்று நினைத்துப்பாருங்கள். ஒரு வம்சம் தன் ஆட்சிக் காலத்தில் பாதிக்கு மேல் தன் தலைமை அரண்மனை இல்லாமலே ஆண்டிருக்கிறது. அத்தனை காலமும் உண்மையான அரசபீடமாக இருந்தது சாங்தொக்.

◆ போருக்குப் பின் வந்த அரசர் குவாங்ஹே அரண்மனைகளைக் கட்டுவதில் அளவு கடந்தவர். அவருடைய சகோதரர் ஒருவரின் வீட்டு மனையில் 'அரச சக்தி' இருப்பதாகச் சோதிடர்கள் சொல்ல, அந்த இடத்தையே பறித்து அங்கே கியோங்ஹுய் அரண்மனையைக் கட்டினார். அதில் குடியேறும் முன்பே 1623இல் கலகம் வெடித்து அவர் பதவி இழந்தார். அடுத்து அரியணை ஏறியது யார் தெரியுமா? அந்த மனையைப் பறிகொடுத்த சகோதரரின் மகன்!

◆ 1762ஆம் ஆண்டுக் கோடை. அரசர் யோங்ஜோ தன் மகனும் பட்டத்து இளவரசருமான சாடோவைச் சாங்கியோங் அரண்மனை முற்றத்தில் ஓர் அரிசிப் பெட்டிக்குள் அடைக்கச் சொன்னார். எட்டாம் நாள் இளவரசர் இறந்தார். வயது 27. அவருடைய மனைவி ஹ்யேக்யோங் பிற்காலத்தில் ஹங்குல் எழுத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள் கொரிய உரைநடையின் மகத்தான படைப்புகளில் ஒன்றாக மதிக்கப்படுகின்றன. தந்தை இறந்தபோது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த மகன் ஜோங்ஜோ 1776இல் அரசரானார். சாங்தொக்கின் பின்தோட்டத்தில், சதுரக் குளமும் அதன் நடுவே வட்டத் தீவும் உள்ள இடத்தின் மேட்டில், அரச நூலகத்தை அமைத்தார். ஜோசனின் கடைசிப் பேரரசர் என்ற தகுதி என் பார்வையில் அவருக்கே உரியது. பட்டத்தில் பேரரசர் என்று போட்டுக்கொண்டவர்கள் பின்னால் வருகிறார்கள்.

◆ 1800இல் ஜோங்ஜோ இறந்தபின் அரசியரின் பிறந்த வீட்டார் கைக்கு அதிகாரம் போயிற்று. அண்டோங் கிம் குடும்பம் அதில் முதலிடம். அரசு பதவிகள் விலைபோயின. 1849இல் வாரிசு இல்லாமல் அரசர் இறக்க, கங்ஹ்வா தீவில் நாடு கடத்தப்பட்ட குடும்பத்தில் வளர்ந்து மண்ணைக் கொத்தி வாழ்ந்த பதினெட்டு வயது இளைஞரைக் கூட்டிவந்து அரியணையில் உட்காரவைத்தார்கள். சோல்ஜோங் என்ற அந்த அரசருக்கு அரசியல் தெரியாது. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1862இல் தெற்கு மாகாணங்களில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1864 ஜனவரியில் அரசர் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார்.

◆ அடுத்து வந்த கோஜோங்குக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆட்சியை நடத்தியவர் தந்தை. தேவோன்குன் என்ற பட்டப்பெயரால் அறியப்படுபவர். குடும்ப ஆதிக்கத்தை முறித்து அரச வம்சத்தின் மதிப்பை மீட்க வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். அதற்கு அவர் கண்ட வழி, இடிந்து கிடந்த கியோங்பொக்கை மறுபடி எழுப்புவது. 1865இல் வேலை தொடங்கியது.

கஜானாவில் பணம் இல்லை. 'தானாக மனமுவந்து தரும் நன்கொடை' என்ற பெயரில் வசூல் நடந்தது; மனமில்லாதவர்களிடமும் வாங்கினார்கள். தலைநகர வாயில்களில் நுழைவு வரி போட்டார்கள். 1866இல் கட்டுமான இடத்தில் தீப்பிடித்துச் சேர்த்து வைத்திருந்த மரங்கள் கருகின. மரத்துக்காகப் பிரபுக்களின் குலக் கல்லறைக் காடுகளில்கூடக் கோடரி விழுந்தது. முன்னோர் கல்லறையை உயிராக மதிக்கும் சமூகத்தில் இது எவ்வளவு பெரிய காயம் என்று சொல்லத் தேவையில்லை. கியோங்ஹுய் அரண்மனையின் பல கட்டடங்களைப் பிரித்து அந்தச் சாமான்களையும் இங்கே கொண்டுவந்தார்கள்.

இதற்கெல்லாம் மேல் ஒரு புது நாணயம். முகமதிப்பு சாதாரணக் காசைப்போல் நூறு மடங்கு. உள்ளிருக்கும் உலோகத்தின் மதிப்போ ஐந்தாறு மடங்குதான். கள்ள நாணயம் பெருகியது, அரிசி விலை ஏறியது, சாமானியர் கையிலிருந்த காசு செல்லாக்காசு ஆனது. ஓராண்டுகூட ஆவதற்குள் அதை வார்ப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. 1868இல் கோஜோங் புதிய அரண்மனையில் குடியேறினார். அரண்மனை எழுந்தது, அரசின் மீதிருந்த நம்பிக்கை விழுந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் கரையோரம் வந்து நின்றுகொண்டிருந்த காலம் அது. பீரங்கிக்குப் போகவேண்டிய பணம் தூண்களுக்குப் போனது என்ற குறையை நான் தேவோன்குன் மீது வைக்கிறேன். அதே நேரம், இன்று சியோலில் நாம் வியந்து பார்ப்பது அவர் எழுப்பிய தூண்களைத்தான் என்பதையும் மறைக்க முடியாது.

◆ இத்தனை செலவில் எழுந்த அரண்மனை எரியாமல் இருக்க என்ன செய்தார்கள்? கியோங்ஹோரு குளத்தில் செம்பு கலந்த உலோகத்தாலான டிராகன் உருவங்களை மூழ்கவைத்தார்கள். 1997இல் குளத்தைத் தூர்வாரியபோது அவற்றில் ஒன்று கிடைத்தது. 2001இல் அரியணை மண்டபத்தைப் பழுதுபார்த்தபோது கூரைக்குள்ளிருந்து ஒரு தாள் வெளிப்பட்டது. தண்ணீரைக் குறிக்கும் ஒரு பெரிய சீன எழுத்து. உற்றுப் பார்த்தால், அந்த எழுத்தின் கோடுகளே டிராகனைக் குறிக்கும் ஆயிரம் பொடி எழுத்துகளால் ஆனவை! டிராகன் அங்கே நீரின் தெய்வம்.

◆ கொரியாவில் முதல் மின்விளக்கு எரிந்த இடம் ஓர் அரண்மனை. 1887இல் கியோங்பொக்கின் வடகோடியில் உள்ள கொன்ச்சோங் வளாகத்தில் எடிசன் நிறுவனத்தின் இயந்திரம் ஓடியது. பக்கத்துத் தாமரைக் குளத்திலிருந்து நீரெடுத்து, சூடான நீரை அங்கேயே திருப்பிவிட்டதில் மீன்கள் செத்து மிதந்தன என்று சொல்வார்கள். இரவெல்லாம் வெளிச்சம் வேண்டும் என்று அரசர் விரும்பியதற்குக் காரணம் இருந்தது. 1882இல் பதின்மூன்று மாதச் சம்பளப் பாக்கியோடு, மண்ணும் உமியும் கலந்த அரிசி வாங்கிய படைவீரர்கள் அரண்மனைக்குள் புகுந்தார்கள். அரசி மாறுவேடத்தில் தப்பினார். அவர் இறந்துவிட்டதாகவே தேவோன்குன் துக்கம் அறிவித்துவிட்டார். 1884இல் சீர்திருத்தக் குழு ஒன்று அரண்மனையைப் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தது. இருட்டு அந்தக் குடும்பத்துக்குப் பயமாகிவிட்டது.

◆ 1894 ஜூலை 23: ஜப்பானியப் படை கியோங்பொக்கை ஆக்கிரமித்தது. சீனாவுடன் போர் தொடங்குவதற்கு முன்பே நடந்தது இது. அதே ஆண்டில் அடிமை முறையும் பழைய அரசுத் தேர்வு முறையும் ஒழிந்தன. காலம் கடந்து வந்த நல்ல மாற்றங்கள். அவை வந்தபோது அரண்மனை வாசலில் நின்றது அந்நியப் படை.

◆ 1895 அக்டோபர் 8, விடியற்காலை. ஜப்பானிய ஆட்களும் அவர்களோடு சேர்ந்த கொரியப் படைவீரர்களும் கியோங்பொக்குக்குள் நுழைந்தார்கள். முதல் மின்விளக்கு எரிந்த அதே கொன்ச்சோங் வளாகத்தில் அரசியைத் தேடிக் கொன்றார்கள். ரஷ்யாவின் துணையோடு ஜப்பானைத் தடுத்து நிறுத்த முயன்றவர் அவர். உடலைப் பக்கத்துத் தோப்பில் எரித்தார்கள். திட்டத்தை நடத்தியவர் ஜப்பானியத் தூதர் மியுரா கோரோ. ஹிரோஷிமாவில் விசாரணை நடந்தது. போதிய சாட்சியம் இல்லை என்று அனைவரையும் விட்டுவிட்டார்கள். அன்றிரவு அரண்மனையில் இருந்த சபாட்டின் என்ற ரஷ்யக் கட்டடக் கலைஞர் அந்தத் தாக்குதலைக் கண்ணால் கண்டு எழுதிவைத்திருக்கிறார். மியோங்சோங் பேரரசி என்று பிற்காலத்தில் போற்றப்பட்ட அவருடைய முகம், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு புகைப்படத்தில்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

◆ 1896 பிப்ரவரி 11. அரண்மனைப் பணிப்பெண்கள் போகும் பல்லக்கு ஒன்று வாயிலைக் கடந்தது. உள்ளே இருந்தவர் அரசர் கோஜோங். அது நேரே ரஷ்யத் தூதரகம் போய்ச் சேர்ந்தது. ஓராண்டு அங்கிருந்துதான் நாட்டை ஆண்டார். கியோங்பொக்குக்கு அவர் திரும்பவே இல்லை. மகா செலவில் எழுந்த அந்த அரண்மனையில் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குள் அரச வாழ்வு முடிந்துபோயிற்று.

◆ 1897இல் அவர் குடியேறியது வெளிநாட்டுத் தூதரகங்கள் சூழ்ந்த தொக்சு அரண்மனை. 1592 போரில் ஓடித் திரும்பிய சோன்ஜோ தங்க இடமில்லாமல் புகுந்த இளவரசர் வீடுதான் அதன் மூலம். வம்சத்துக்கு இரண்டு முறை அடைக்கலம் தந்த மனை. அந்த ஆண்டு அக்டோபரில் வட்ட வடிவ வான்பீடம் ஒன்றைக் கட்டி, அங்கே வழிபட்டு, கோஜோங் தன்னைப் பேரரசராக அறிவித்தார். நாட்டின் பெயர் தேஹான் பேரரசு ஆனது. சீனாவுக்குக் கீழ்ப்பட்டவர் அல்ல என்று காட்ட, கட்டடங்களிலும் அடையாளம் மாறியது. பழைய அரண்மனைகளின் அரியணை மண்டபப் படிகளில் பீனிக்ஸ் பறவை, இங்கே டிராகன். கதவு, சன்னல்களில் பேரரசருக்குரிய மஞ்சள்.

தோட்டத்துக்குள் ஜோங்க்வான்ஹோன் என்றொரு மண்டபம் இருக்கிறது. வடிவமைத்தவர் அதே சபாட்டின் என்கிறார்கள். மேற்கத்தியத் தூண்கள், கொரியச் சின்னங்கள் வெட்டிய கைப்பிடிச் சுவர். பேரரசர் அங்கே காபி குடித்தபடி விருந்தினரைச் சந்தித்தார். 1904இல் ஒண்டோல் பழுதுபார்க்கும்போது பிடித்த தீ தொக்சுவின் பெரும்பகுதியை விழுங்கியது. இரண்டு அடுக்குக் கூரையோடு இருந்த அரியணை மண்டபத்தை 1906இல் ஒற்றை அடுக்காகத்தான் திரும்பக் கட்ட முடிந்தது. ஒரு பேரரசின் கையிருப்பு எவ்வளவு என்பதை இன்றும் அந்தக் கூரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்திலேயே ஐரோப்பிய பாணிக் கல் மாளிகையான சோக்ஜோஜோன். 1900இல் ஆரம்பித்த வேலை 1910இல் முடிந்தது. நாடு பறிபோனதும் அதே 1910இல்.

◆ தொக்சுவை ஒட்டிய செங்கல் கட்டடம் ஜுங்மியோங்ஜோன். 1905 நவம்பர் 17 இரவு ஜப்பானியப் படை சூழ்ந்து நிற்க, கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் அங்கே நிறைவேறியது. சம்மதித்த ஐந்து அமைச்சர்களைக் கொரியர்கள் இன்றும் துரோகிகள் என்கிறார்கள். கோஜோங் கையெழுத்திடவில்லை. 1907இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த உலக அமைதி மாநாட்டுக்கு மூன்று தூதர்களை ரகசியமாக அனுப்பி முறையிட்டார். வாசலிலேயே அவர்களை நிறுத்திவிட்டார்கள். ஒருவரான யி ஜுன் அந்த ஊரிலேயே இறந்தார். அந்த முயற்சிக்குத் தண்டனையாகக் கோஜோங் பதவி இறங்க நேர்ந்தது. தொக்சு என்ற பெயரே அப்போது வந்ததுதான், பதவி போனவருக்கு நீண்ட ஆயுளை வாழ்த்தி.

◆ மகன் சுன்ஜோங்கைச் சாங்தொக்கில் குடிவைத்தார்கள். அவருக்கு 'ஆறுதலாக' என்று சொல்லி, அடுத்திருந்த சாங்கியோங் அரண்மனையை 1909இல் மிருகக்காட்சிசாலையாக மாற்றினார்கள். விதவை அரசியர் வாழ்ந்த இடத்தில் கூண்டுகள், செர்ரி மரங்கள். அரண்மனை என்ற பெயரே எடுபட்டு 'பூங்கா' என்று ஆனது. விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அப்படியே நீடித்தது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. 1980களில்தான் விலங்குகளை வேறிடம் மாற்றி அரண்மனைப் பெயரைத் திரும்பக் கொடுத்தார்கள்.

◆ 1910 ஆகஸ்ட் 22 அன்று சாங்தொக்கின் ஹுங்பொக்ஹோன் என்ற சிறு கூடத்தில் கடைசி அமைச்சரவை கூடியது. நாட்டை ஜப்பானோடு இணைக்கும் ஒப்பந்தம். பேரரசி சுன்ஜோங்ஹ்யோ அரச முத்திரையைத் தன் பாவாடைக்குள் ஒளித்துவைத்தார், சொந்தப் பெரியப்பாவே பிடுங்கினார் என்று கொரியாவில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை.

◆ நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் அடுத்து அரண்மனைகளைப் பிரித்தார்கள். 1915இல் கியோங்பொக்கில் கைத்தொழில் கண்காட்சி என்று சொல்லி ஏராளமான கட்டடங்களை அகற்றினார்கள். பட்டத்து இளவரசரின் இருப்பிடத்தை ஒரு ஜப்பானியத் தொழிலதிபர் டோக்கியோவுக்குக் கொண்டுபோய்த் தன் அருங்காட்சியகமாக வைத்துக்கொண்டார். 1923 நிலநடுக்கத் தீயில் அது எரிந்தது. அடித்தளக் கற்கள் 1990களில் ஊர் திரும்பின. தீயில் வெந்து நொறுங்கும் நிலையில் இருந்ததால் அவற்றைக் கட்டடத்தில் பயன்படுத்த முடியவில்லை. பேரரசை அறிவித்த வான்பீடத்தை 1913இல் இடித்து ரயில்வே ஹோட்டல் கட்டினார்கள். கியோங்ஹுய்யின் நிலத்தில் ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதன் நுழைவாயில் இட்டோ ஹிரோபுமியின் நினைவுக் கோயிலுக்கு வாசலாகப் போனது. கொரியாவின் இறையாண்மையைப் பறித்தவரின் கோயிலுக்கு!

1917இல் சாங்தொக்கில் தீ. அரசரின், அரசியின் இருப்பிடங்கள் சாம்பல். திரும்பக் கட்ட மரம் வேண்டும் என்று கியோங்பொக்கின் அரச இருப்பிடங்களைப் பிரித்தார்கள். தாத்தா தேவோன்குன் எழுப்பிய மரங்களால் ஆன அந்தக் கூரையின் கீழ்தான் 1926 ஏப்ரலில் கடைசிப் பேரரசர் சுன்ஜோங் கண்ணை மூடினார்.

◆ அதே 1926இல் கியோங்பொக்கின் அரியணை மண்டபத்தை மறைத்துக்கொண்டு, அதற்கு நேர் முன்னால், ஜப்பானிய ஆளுநரகத்தின் மாபெரும் கல் கட்டடம் எழுந்து முடிந்தது. வழியில் நின்ற தலைவாயில் குவாங்ஹ்வாமுன்னை இடிக்கத் திட்டம். 1922இல் யனாகி முனேயோஷி என்ற ஜப்பானியக் கலை அறிஞர் அதை எதிர்த்துத் தன் நாட்டுப் பத்திரிகையிலேயே மனம் உருகி எழுதினார். இடிப்பு நின்றது, வாயில் பக்கவாட்டுக்கு இடம்பெயர்ந்தது. கொரியப் போரில் அதன் மர மேல்தளம் எரிந்தது. 1968இல் கான்கிரீட்டில் வந்தது. 2010இல்தான் பழைய இடத்தில், பழைய முறைப்படி மரத்தில் நின்றது. அப்போதும் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து தவறு என்று தெரிந்து, 2023இல் கறுப்புப் பலகையில் பொன்னெழுத்தாக மாற்றினார்கள். ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் இருந்த 1860களின் கட்டுமான நாட்குறிப்பு அதற்குச் சான்றுகளில் ஒன்று.

ஆளுநரகக் கட்டடம்? விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1995 ஆகஸ்ட் 15 அன்று அதன் கோபுர உச்சியைக் கழற்றி இடிப்பைத் தொடங்கினார்கள். அதுவும் வரலாறுதானே, இருக்கட்டுமே என்றவர்களும் இருந்தார்கள். நான் இடித்தவர்கள் பக்கம்.

◆ 1907இல் பத்து வயதில் ஜப்பானுக்குக் கொண்டுபோன கோஜோங்கின் மகன், இளவரசர் யி உன் அங்கேயே படித்து, ஜப்பானிய அரச குடும்பத்தைச் சேர்ந்த மசாக்கோவை மணந்தார். 1963இல் நோயாளியாகத்தான் தாயகம் திரும்பினார். கோஜோங்கின் கடைசி மகள் தொக்ஹ்யே 1912இல் பிறந்தவர். மகளுக்காகத் தொக்சு அரண்மனைக்குள்ளேயே மழலையர் பள்ளி வைத்தார் தந்தை. 1919 ஜனவரியில் அவர் இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. இறுதிச் சடங்குக்காக மக்கள் திரண்ட நேரத்தில் மார்ச் 1 விடுதலை எழுச்சி வெடித்தது. தொக்ஹ்யேயை 1925இல் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். மனநோய், திணித்த திருமணம், மருத்துவமனை. 1962இல் திரும்பினார். சாங்தொக்கில் வண்ணப்பூச்சு இல்லாத எளிய வளாகமான நக்சோன்ஜேயில் அவரும் அண்ணி மசாக்கோவும் கடைசிவரை வாழ்ந்தார்கள். 1989 ஏப்ரல் 21 அன்று தொக்ஹ்யேயும், ஒன்பது நாள் கழித்து ஏப்ரல் 30 அன்று மசாக்கோவும் இறந்தார்கள். ஜோசன் அரண்மனையில் அரச குடும்பத்தார் வாழ்ந்தது அத்தோடு சரி. சியோல் ஒலிம்பிக் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

◆ அரச முன்னோர் ஆலயமான ஜோங்மியோவின் பிரதான மண்டபம் ஒரே நேரத்தில் கட்டியதல்ல. அரசர்கள் மறைய மறைய, அவர்களது நினைவுப் பலகைகளுக்காக அறை சேர்த்து அறை சேர்த்து நீண்டது. ஏழு அறைகளில் தொடங்கிப் பத்தொன்பதில் நின்றது. நீளம் நூறு மீட்டருக்கும் சற்று அதிகம். பத்தொன்பதாவது அறை சுன்ஜோங்குக்கு. 1932இல் இந்த ஆலயத்துக்கும் சாங்கியோங் அரண்மனைக்கும் நடுவே ஜப்பானியர் போட்ட சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கி, மேலே மண் நிரப்பி மரம் நட்டு, 2022இல் இரண்டையும் மறுபடி இணைத்துவிட்டார்கள். ஒவ்வோராண்டும் மே மாத முதல் ஞாயிறன்று வம்சத்தின் வழித்தோன்றல்கள் இங்கே பழைய இசையோடும் நடனத்தோடும் படையல் வைக்கிறார்கள்.

◆ சியோல் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கியோங்பொக் செவ்வாயன்று விடுமுறை; சாங்தொக், சாங்கியோங், தொக்சு மூன்றுக்கும் திங்களன்று. பாரம்பரிய ஹன்போக் உடை அணிந்து போனால் இந்த நான்கிலும் கட்டணம் இல்லை. எல்லோரும் இங்கே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கியோங்ஹுய்க்கும் போங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது, கூட்டமும் குறைவு. அதன் நுழைவாயில் இட்டோவின் கோயிலிலிருந்து ஒரு நட்சத்திர ஹோட்டலின் வாசலாகி 1988இல் வீடு திரும்பியிருக்கிறது. உள்ளே இருக்கும் அரியணை மண்டபம் புதிதாகக் கட்டியது. அசல் மண்டபம் இப்போது தொங்குக் பல்கலைக்கழக வளாகத்தில் புத்தர் கோயிலாக வழிபாட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.